கூடம் கோணலா, கால் கோணலா? சண்டை விளையாட்டுக்குக் கன்ட்ரோலர் வாங்கும் முன்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் 6,000 ரூபாயோடு வந்து நின்றான். பொங்கலுக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது எல்லாம் அதில் அடக்கம். "மாமா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடுவதற்கு எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்?" என்பது கேள்வி. ஒரு வாரமாக யூடியூபில் தேடியிருக்கிறான். குச்சியும் பட்டன்களும் கொண்ட ஆர்கேட் ஸ்டிக் இல்லாமல் ஆடுவது ஆட்டமே இல்லை என்கிறார் ஒருவர். அந்தக் குச்சி, அதாவது லீவரே இல்லாத பெட்டிக்குத்தான் இனிக் காலம் என்கிறார் இன்னொருவர். பிளேஸ்டேஷனோடு வரும் கன்ட்ரோலரே தாராளம் என்கிறார் மூன்றாமவர். மூவருமே நன்றாக ஆடுகிறவர்கள் என்பதுதான் பையனைக் குழப்பியிருக்கிறது.

பணத்தைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, அவனுடைய கம்ப்யூட்டரில் ரியு என்ற பாத்திரத்தை எடுத்துப் பத்து முறை நெருப்புப் பந்து வீசச் சொன்னேன். கீபோர்டில் ஆறு முறை வந்தது. ஆளை மறுபக்கத்துக்குத் தாண்டவைத்து, இடப்பக்கம் பார்த்து வீசச் சொன்னபோது மூன்றுதான் வந்தது. "கீபோர்டு சரியில்லை மாமா" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் சண்டை விளையாட்டில் சில நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. எது கூடத்தின் கோணல், எது காலின் கோணல் என்று பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் 6,000 அல்ல, 20,000 கொடுத்தாலும் அதே நாலு தவறு புதிய பெட்டியில் தொடரும்.

முதலில் இந்த விளையாட்டு கையிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். கால்பந்தோ கார் பந்தயமோ ஆடும்போது குச்சியை எவ்வளவு சாய்க்கிறோம் என்பது முக்கியம். லேசாகச் சாய்த்தால் மெதுவாகத் திரும்பும், முழுக்கச் சாய்த்தால் ஒடித்துத் திரும்பும். சண்டை விளையாட்டுக்கு இந்த நயம் எதுவும் தேவையில்லை. அதற்குத் தெரிந்தவை எட்டுத் திசைகள், நடுநிலை, அவ்வளவுதான். ஒரு திசை அழுத்தப்பட்டிருக்கிறதா, இல்லையா என்று வினாடிக்கு 60 முறை பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஃபிரேம் என்று பெயர். ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி.

நெருப்புப் பந்துக்குக் கீழே, கீழ்-முன் மூலை, முன்னே என்று கால்வாசி வட்டம் போட்டுக் குத்து பட்டனை அழுத்த வேண்டும். மேல்நோக்கிப் பாயும் குத்துக்கு முன்னே, கீழே, கீழ்-முன் மூலை. கைல் போன்ற பாத்திரத்துக்குப் பின்பக்கத் திசையைச் சிறிது நேரம் பிடித்திருந்து, சட்டென்று முன்னே தள்ளிக் குத்த வேண்டும். மல்யுத்தக்காரன் ஸாங்கீஃபுக்கு முழுச் சுற்று. டெக்கன் என்ற இன்னொரு சண்டை விளையாட்டில் மிஷிமா குடும்பத்தாரின் மின்னல் குத்துக்கு முன்னே தட்டி, விட்டு, கீழே போய், கீழ்-முன் மூலையைத் தொடும் அதே ஃபிரேமில் பட்டன் விழுந்தாக வேண்டும். முன்னே தட்டியபின் விரல் முழுவதுமாக நடுநிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பதும் அந்தக் கட்டளையின் ஒரு பகுதி. எல்லோரும் பட்டனைப் பற்றியே பேசுகிறார்கள். தவறுகளில் பெரும்பாலானவை நடப்பது மூலைத் திசைகளிலும் நடுநிலைக்குத் திரும்புவதிலும்தான். என் மருமகனின் நாலு தவறுகளில் மூன்று, மூலை பதிவாகாமல் போனவை. இதைக் கண்டுபிடிக்க மந்திரம் எதுவும் வேண்டாம். இன்றைய எல்லாச் சண்டை விளையாட்டுகளிலும் பயிற்சிப் பகுதி உண்டு. அதில் நாம் அழுத்தியதெல்லாம் திரையோரத்தில் அம்புக்குறிகளாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

என் தலைமுறைக்கு இந்தப் பட்டியல் கிடையாது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கடலூர் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில் வீடியோ கேம் கடை இருந்தது. உள்ளூர்த் தச்சர் அடித்த பெட்டி, உள்ளே எங்கிருந்தோ வந்த போர்டு, ஒரு பழைய டிவி. ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். பள்ளிக்கூடப் பையன்களில் பாதிப்பேர் 'முஸ்தபா' ஆடுவார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தந்த காப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' விளையாட்டுக்கு, அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரையே நாடு முழுக்கச் சூட்டிவிட்டோம். மீதிப்பேர் ஸ்ட்ரீட் ஃபைட்டர், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ். இடது கையில் லீவர், வலது கையில் பட்டன்கள். அந்த அமைப்பை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதுதான் இருந்தது.

அந்த அமைப்புக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1987-ல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஒரு வகை இயந்திரத்தில் ஆறு பட்டன்கள் கிடையாது. பெரிய ரப்பர் மெத்தைகள் இரண்டு இருந்தன. எவ்வளவு ஓங்கிக் குத்துகிறோமோ அவ்வளவு பலமான அடி. மனிதர்கள் இயந்திரத்தை நிஜமாகவே குத்தினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மெல்லிய, நடுத்தர, பலமான குத்து மூன்று, உதை மூன்று என்று ஆறு பட்டன்களாகப் பிரித்த அமைப்பே நிலைத்தது. 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபின் அதுவே இலக்கணமாகிவிட்டது. டெக்கன் 1994-ல் வேறு வழியில் போனது. இடது கை, வலது கை, இடது கால், வலது கால் என்று உறுப்புக்கு ஒன்றாக நாலே பட்டன். கன்ட்ரோலர் தேர்வில் இந்த ஆறுக்கும் நாலுக்குமான வேறுபாடு பின்னால் வரும்.

ஆர்கேட் ஸ்டிக் என்று இன்று விற்கப்படுவது அந்தப் பெட்டியின் மேல்பலகையை அறுத்து மடியில் வைத்ததுபோன்ற பொருள். லீவரின் அடியில் நாலு மைக்ரோசுவிட்ச்கள் இருக்கின்றன. குச்சி சாயும்போது அந்தப் பக்கத்துச் சுவிட்ச் 'டிக்' என்று அமுங்கும். இரண்டு ஒன்றாக அமுங்கினால் மூலைத் திசை. ஜப்பானிய லீவர்களில் சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் பலரும் பயன்படுத்துவது. உருண்டைத் தலை, நடுவுக்கு இழுக்க ஒரு ஸ்பிரிங், குச்சியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தச் சதுரச் சட்டம். சதுரத்தின் நாலு முனைகளும் நாலு மூலைத் திசைகள். அதனால் மூலையைத் தேட வேண்டியதில்லை, குச்சி தானாகப் போய் முட்டிக்கொள்ளும். புதிதாகத் தொடுகிறவர்கள் எண்கோணச் சட்டத்தைக் கேட்டு வாங்கிப் போடுவார்கள். எட்டு முனைகளும் விரலுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. எனக்கு அது தேவைக்கு மேல் முட்டுகிறது.

கொரிய லீவர் வேறு சுபாவம். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம், உருண்டைக்குப் பதில் நீண்ட முட்டை வடிவத் தலை, சுற்றிலும் வட்டமான எல்லை. கையை விட்டால் விறைப்பாக நடுவுக்கு வந்து நிற்கும். நடுநிலைக்குத் திரும்புவதையே கட்டளையாக வைத்திருக்கும் டெக்கனைத் தென்கொரியர்கள் அவ்வளவு நேர்த்தியாக ஆடுவதற்கும் இந்த ரப்பருக்கும் தொடர்பு இருக்கிறது. பின்னோக்கிக் குதித்துக் குதித்து விலகும் உத்திக்குக் 'கொரியன் பேக்டேஷ்' என்றே பெயர்.

லீவரின் குறை என்ன? இடது மணிக்கட்டு முழுதும் வேலை செய்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகக் குச்சி நடுவைக் கடந்தாக வேண்டும், அதற்கு நேரம் ஆகும். பதற்றத்தில் கால் வட்டம் அரை வட்டமாகும், முன்னே என்று தள்ளியது முன்-மேல் மூலையில் போய் நின்று, ஆள் எதிரியின் கையில் விழுகிற மாதிரிக் குதித்துவிடுவான். லீவரின் தவறு பெரும்பாலும் 'அதிகமாகப் போய்விட்டது' என்ற வகை. என்னைப்போல் கடையில் பழகியவர்களுக்கு அந்தத் தவறு பழகிவிட்டது, திருத்தவும் தெரியும். இன்று தொடங்கும் ஒரு பையன் அதற்காக ஆறு மாதம் செலவிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. நம் நாட்டில் பெயர் சொல்லும்படியான ஸ்டிக் ஒன்று கைக்கு வந்து சேர்வதற்குள் 15,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி.

இனி கையடக்கக் கன்ட்ரோலர், அதாவது பேட். இதில் சிலுவை வடிவத் திசைப் பட்டனைத் தந்தவர் நின்டெண்டோவின் குன்பே யோகோய். 1982-ல் கேம் அண்ட் வாட்ச் வரிசையில் வந்த டாங்கி காங் கையடக்க விளையாட்டில் அது முதலில் அமைந்தது. அதன் நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது. ஒரு பக்கம் அமுங்கினால் எதிர்ப்பக்கம் எழும்பும். ஆகவே இடமும் வலமும் ஒரே நேரத்தில் அமுங்காது. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டில் எல்லாத் திசைக்கும் ஒரே கட்டைவிரல். அது உருண்டு போக வேண்டும். நல்ல சிலுவை என்றால் உருளும்போது மூலை தவறாமல் விழும். கெட்ட சிலுவையில் கீழே அழுத்தினால் பக்கமும் சேர்ந்து அமுங்கும், அல்லது மூலை வரவே வராது. சேகா சாட்டர்ன் பேட்டை இன்றும் பழைய ஆட்டக்காரர்கள் புகழ்வதற்குக் காரணம் அதன் வட்டமான, உருளும் திசைப் பட்டனும் முகப்பில் வரிசையாக இருந்த ஆறு பட்டன்களும்தான். எக்ஸ்பாக்ஸ் 360 பேட்டின் சிலுவை இதற்கு நேர் எதிரான புகழ் பெற்றது. வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்க்காமல் சிலுவையின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக வட்டம் சுற்றிப் பாருங்கள். விரலுக்கு எட்டுத் திசையும் தனித்தனியாகத் தெரிந்தால் பாதி சம்மதம். அனலாக் குச்சியால் சண்டை போடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் ஓட்டம் நீளம், மூலைக்கு எல்லைக்கோடு எங்கே என்று விரலுக்குத் தெரியாது.

புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்பட ஒரு சின்னக் காரணம் இங்கே இருக்கிறது, உறவுமுறை சற்றுத் தூரம் என்றாலும். 2014-ல் லாஸ் வேகாசில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான உலகப் போட்டியான ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்றவர் லஃபி என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர். விலையுயர்ந்த ஸ்டிக்குகளோடு வந்திருந்த ஜப்பானியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் நடுவே அவர் மடியில் இருந்தது முதல் பிளேஸ்டேஷனோடு வந்த, அனலாக் குச்சிகூட இல்லாத சாம்பல் நிறப் பேட். ஒரு கன்வெர்ட்டரின் உதவியோடு அதை மாட்டி ஆடினார். ஆடியது ரோஸ் என்ற, யாரும் பட்டம் வெல்வாள் என்று எதிர்பார்க்காத பாத்திரம். பேட் சிறுபிள்ளைகளுக்கானது என்ற பேச்சு அன்றோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

பேட்டின் உண்மையான சங்கடம் பட்டன்களில். நாலு பட்டன் டெக்கனுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆறு பட்டன் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு இரண்டு பட்டன்களைத் தோள்பட்டைக்கு அனுப்ப வேண்டும். பலமான குத்தும் உதையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போய்விடும். தோள்பட்டையில் இருப்பவற்றுள் கீழ்ப்பட்டன் காரின் ஆக்சிலேட்டர்போல நீளமாக அமுங்குவது, அதனால் சற்றுத் தாமதமாகப் பேசும். ஆறு முகப்பட்டன்கள் கொண்ட பேட்களை ஹோரி, 8பிட்டூ போன்ற நிறுவனங்கள் இதற்காகவே செய்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் 'மாடர்ன்' என்ற கட்டுப்பாட்டு முறை இருக்கிறது. கால் வட்டம் போடாமல் ஒரு பட்டனும் ஒரு திசையும் சேர்த்தாலே நெருப்புப் பந்து வரும். அப்படிச் சுருக்கமாக வீசினால் அடியின் பலத்தில் 20 சதவீதம் குறையும், சில அடிகளும் கிடைக்காமல் போகும். இது ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிடைக்கிற மாலை நேரம் ஒரு மணி என்றால் அதை எதில் செலவிடுவது என்பது ஆடுகிறவர் பாடு.

கீபோர்டுக்கு வருவோம். கூடம் கோணலாக இருக்கிற இடம் இதுதான். கம்ப்யூட்டரோடு கொடுக்கப்படும் சாதாரணக் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. நூறு விசைகளையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளின் சந்திப்பில் அமைத்திருப்பார்கள், பாய் பின்னுவதுபோல. ஒரு செவ்வகத்தின் மூன்று முனைகளில் இருக்கும் விசைகளை ஒன்றாக அழுத்தினால் நாலாவது முனையும் அமுங்கியதுபோல் மின்சாரம் சுற்றிக்கொண்டு வரும். அந்தப் பேய் எழுத்தைத் தவிர்க்கக் கீபோர்டு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. சந்தேகமான மூன்றாவது விசையை அனுப்பாமல் விழுங்கிவிடும். கடிதம் தட்டச்சு செய்யும்போது மூன்று விசைகளை யாரும் சேர்த்து அழுத்துவதில்லை, ஆகவே யாருக்கும் தெரியாது. கீழ்-முன் மூலை என்றாலே இரண்டு விசைகள். அதோடு குத்து சேர்ந்தால் மூன்று.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. இரண்டு ஷிப்ட் விசைகளையும் அழுத்திப் பிடித்தபடி ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சில எழுத்துகள் திரைக்கு வராமலே போனால், உங்கள் கீபோர்டு விழுங்குகிற ஜாதி. பிறகு விளையாட்டில் பயன்படுத்தும் அதே விசைகளைச் சேர்த்துச் சேர்த்துச் சோதியுங்கள். என் மருமகன் அம்புக்குறி விசைகளை வலது கையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தான். கீழ் அம்பு, வலது அம்பு, அவன் குத்துக்கு வைத்திருந்த எழுத்து மூன்றும் சேர்ந்தபோது ஒன்று காணாமல் போனது. திசைகளை இடது கைப்பக்கத்து எழுத்துகளுக்கும் குத்துகளை வலது கைக்கும் மாற்றினோம். அதே பழைய கீபோர்டில் பத்துக்கு ஒன்பது வந்தது. அக்காவுக்கு என்மேல் மரியாதை கூடியது அன்றுதான்.

பிரான்சில் இருக்கும் உறவினர் லேப்டாப் கொண்டுவந்து கொடுத்த புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே எழுத்துகளின் வரிசை வேறு. நம் கீபோர்டில் டபிள்யூ இருக்கும் இடத்தில் இஸட், ஏ இருக்கும் இடத்தில் க்யூ. விளையாட்டு எழுத்தின் பெயரைப் பார்த்து வேலை செய்தால் ஆள் நடக்காமல் வேறு ஏதோ செய்துகொண்டிருப்பான். அமைப்புப் பகுதியில் விசைகளை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

விழுங்காத கீபோர்டு கிடைத்துவிட்டால் அது நினைப்பதைவிட நல்ல கருவி. ஒவ்வொரு திசைக்கும் தனி விரல், குச்சி கடந்துபோக வேண்டிய தூரம் எதுவும் இல்லை. இந்த எண்ணத்தை ஒரு பெட்டிக்குள் வைத்ததுதான் லீவர்லெஸ். அமெரிக்காவின் ஹிட் பாக்ஸ் நிறுவனம் இதை ஊரறியச் செய்தது. இடது, கீழ், வலது மூன்றும் இடது கையின் மூன்று விரல்களுக்கு. மேலே குதிக்கும் பட்டன் மட்டும் கீழே, கட்டைவிரலுக்கு, மற்றவற்றைவிடப் பெரிதாக. முதல் நாள் பார்க்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டு வாரத்தில் விரல் ஏற்றுக்கொள்கிறது. கால் வட்டம் என்பது கீழே அழுத்தி, விடாமலே முன்னே அழுத்தி, கீழேயை விடுவது. மேசையில் விரலால் தாளம் போடும் பழக்கம் இருந்தால் உடனே புரியும்.

சிலுவையின் நடுவில் இருந்த குமிழை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தனித்தனிப் பட்டன்கள் என்று வந்ததும் இடத்தையும் வலத்தையும் ஒன்றாக அழுத்த முடிகிறது. லீவராலும் பேட்டாலும் முடியாத காரியம் இது. அப்போது விளையாட்டு என்ன செய்ய வேண்டும்? கடைசியாக அழுத்தியதே செல்லும் என்று வைத்தால், கைல் பின்பக்கத்தைப் பிடித்த விரலை எடுக்காமலே முன்பக்கத்தைத் தொட்டு வீசிவிடலாம். விட்டதும் மறுபடி பின்பக்கம். தற்காப்பில் இடைவெளியே விழாது. இரண்டும் ஒன்றையொன்று அழித்து நடுநிலையாகும் என்று வைத்தால் அந்தச் சலுகை கிடையாது. காப்காம் தன் போட்டிகளில் இரண்டாவது முறையைத்தான் விதியாக வைத்திருக்கிறது. ஜப்பானின் டைகோ உமேஹாரா 2019-ல் லீவரில்லாப் பெட்டியோடு வந்தபோது அதைக் காப்காம் போட்டித்தொடரில் அனுமதிக்க மறுத்தார்கள். 2004 ஈவோவில் ஜஸ்டின் வாங் ஏவிய, சுன்-லி என்ற பாத்திரத்தின் 15 உதைகளையும் துளி உயிரோடு நின்று ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வென்ற அதே டைகோ. லீவரின் முகமாகவே பார்க்கப்பட்டவர் அவர். அவரே அதைக் கீழே வைத்தபோது விவாதம் கருவியின் நியாயத்தைப் பற்றியதாக மாறியது. வாங்குகிறவருக்கு இதிலிருந்து ஒரே ஒரு வேலை. இடமும் வலமும் சேர்ந்தால் நடுநிலை என்ற அமைப்பு பெட்டியில் இருக்கிறதா, மாற்ற முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான சில பெட்டிகள் இந்தக் கேள்வியையே எதிர்கொள்வதில்லை.

லீவர்லெஸ்ஸின் தவறு 'குறைவாக அழுத்திவிட்டது' என்ற வகை. ஒரு விரல் சற்று முன்னதாக எழுந்துவிடும், மூலை விழாது. தவறு திரையோரப் பட்டியலில் துல்லியமாகத் தெரிவதால் திருத்துவது எளிது என்பது என் அனுபவம். ஆனால் இடம் மாறி நின்றதும் எல்லா விரல்களின் வரிசையும் தலைகீழாகும். மணிக்கட்டு சுற்றுவதைக் கண்ணாடிபோல் திருப்பிக்கொள்ளும் மூளை, விரல் வரிசையை அவ்வளவு சுலபமாகத் திருப்புவதில்லை.

தாமதத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், பெரும்பகுதி விளம்பரப் பேச்சு. யுஎஸ்பி வழியாக வினாடிக்கு 125 முறை செய்தி அனுப்பும் கன்ட்ரோலரில் அதிகபட்சக் காத்திருப்பு 8 மில்லிவினாடி, அதாவது அரை ஃபிரேம். வினாடிக்கு 1,000 முறை என்றால் 1 மில்லிவினாடி. இந்த வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள், படத்தை மெருகேற்றுகிறேன் என்று பல ஃபிரேம்களைத் தின்னும் கூடத்து டிவியில் கேம் மோடைப் போடாமலே ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் டிவியின் அமைப்பை மாற்றுங்கள், அது இலவசம். புளூடூத்தைவிடக் கம்பி நல்லது. வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பத்துப் பேர் கூடி ஆடுகிற அறையில், ஆடி முடித்துப் பைக்குள் போட்ட கன்ட்ரோலர் தானே விழித்துக்கொண்டு அடுத்தவர் ஆட்டத்தை நிறுத்திவிடும்.

எந்த இயந்திரத்தில் மாட்டப்போகிறோம் என்பதைக் கடைசியில் பார்க்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கம்ப்யூட்டர் ஏறக்குறைய எதையும் ஏற்கும். பிளேஸ்டேஷன் 4 தன் சான்று இல்லாத கருவியைச் சுமார் 8 நிமிடத்தில் துண்டித்துவிடும். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகள் பழைய பேட்டை ஏற்பதில்லை, ஆனால் சில சண்டை விளையாட்டுகள் பழைய ஆர்கேட் ஸ்டிக்குகளுக்கு மட்டும் கதவு திறந்து வைத்திருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் 2023 நவம்பரிலிருந்து அங்கீகாரம் இல்லாத கருவிகளைத் தடுக்கத் தொடங்கியதில், கன்வெர்ட்டரை நம்பியிருந்த சண்டை விளையாட்டுக்காரர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். தம்பியிடம் பிளேஸ்டேஷன், அண்ணனிடம் கம்ப்யூட்டர் என்று இருக்கிற வீட்டில் இதை முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் எழுதும் பரிந்துரைகளில் வராத ஒன்று நம் கடற்கரைக்கு உண்டு. உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ வீடு இருந்தால் கிரில் கம்பி என்ன பாடுபடுகிறது என்று தெரியும். அதே காற்றுதான் கன்ட்ரோலரின் யுஎஸ்பி வாய்க்குள்ளும் திருகாணித் தலையிலும் உட்காருகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபின் எங்கள் தெருவில் மின்சாரம் வர வாரக்கணக்காயிற்று. பீரோவில் இருந்த என் பழைய பேட்டை எடுத்து மாட்டியபோது சிலுவையின் வலதுபக்கம் மட்டும் செத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் ரப்பர் தொப்பிக்குக் கீழே தகட்டில் பச்சை பூத்திருந்தது. அனலாக் குச்சிகளில் உள்ளே உரசித் தேயும் பாகம் இருப்பதால் நாளடைவில் தொடாமலே நகரத் தொடங்கும். ஹால் எஃபெக்ட் குச்சிகளில் காந்தம் அந்த வேலையைச் செய்வதால் உரசல் இல்லை. நாம் குச்சியையே தொடப்போவதில்லை என்றாலும், அதுவாக நகர்ந்து ஆளை நடக்கவைத்தால் தொல்லைதானே.

இந்தக் கணக்கில் ஸ்டிக்கும் லீவர்லெஸ்ஸும் முன்னால் நிற்கின்றன. மூடிய மைக்ரோசுவிட்ச், தனித்தனியாகக் கழற்றக்கூடிய பட்டன், உள்ளே கை நுழையும் அளவு இடம். ஒரு பட்டன் போனால் ஒரு பட்டனை வாங்கி மாட்டினால் போதும். பேட்டில் சிலுவை போனால் பேட்டே போச்சு. பூட்ஸ் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை எறியாமல் கன்ட்ரோலர் பைக்குள் போட்டுவையுங்கள்.

கூட உட்கார்ந்து ஆட அனுபவசாலிகள் இருக்கிறார்களா என்பதும் ஒரு கருவிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019-ல் ஈவோ ஜப்பான், ஈவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டத்தை எடுத்தபோது, அவர் ஊரில் ஒரே அறையில் நாள் முழுக்க ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பற்றித்தான் உலகம் கேட்டது. நம் ஊரில் அந்த அறை இப்போது இல்லை. பையன்கள் தனித்தனி வீடுகளில் உட்கார்ந்து இணையத்தில் ஆடுகிறார்கள்.

கடைசியில் மருமகன் பேட் வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஆடப்போகிறான், விரல் கீபோர்டுக்குப் பழகியிருக்கிறது, தவறுகள் மூலை விடுபடும் வகை. ஆகவே லீவர்லெஸ். விற்கிற விலையைப் பார்த்துவிட்டு நாமே செய்யலாம் என்று முடிவெடுத்தோம். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றினால் கன்ட்ரோலராகிவிடும். இடம்-வலம் விதியையும் அதிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சீனத்து 24 மில்லிமீட்டர் பட்டன்கள் பன்னிரண்டு, ஒரு 30 மில்லிமீட்டர் பட்டன், கொஞ்சம் ஒயர். பெட்டிக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு தச்சரிடம் போனோம். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன, கல்லாப்பெட்டியா?" என்று கேட்டார். சொன்னோம். சிரித்தார். சின்ன வயதில் வீடியோ கேம் கடைக்குப் பெட்டி அடித்துக் கொடுத்திருக்கிறாராம், ஆனால் அதில் ஒரு குச்சி இருக்குமே என்றார்.

அவரிடம் 24-க்குத் துளையிடும் பிட் இல்லை, 25-தான் இருந்தது. பட்டன்கள் லேசாக ஆடுகின்றன, சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாகப் போட்டிருக்கிறான். மொத்தச் செலவு 3,000-க்குள் முடிந்தது. வலப்பக்கம் பார்த்து வீசுவது பத்துக்குப் பத்து. இடப்பக்கம் இன்னும் ஆறுதான்.